தானியங்கி கேட்: மோட்டாரை மாற்றுமுன் பாருங்கள்

வீட்டின் ஸ்லைடிங் கேட் இயங்காவிட்டால் பலரும் உடனே மோட்டாரையே குறை சொல்கின்றனர். பெரும்பாலும் குறை வேறிடத்தில் இருக்கும். வீணாகப் புது மோட்டார் வாங்கினால் நஷ்டம் நமக்கே.

முதலில் மின்சாரத்தை நிறுத்தி, மோட்டாருக்குரிய சாவியால் பிடியை விடுவித்து, கேட்டைக் கையால் தள்ளிப் பாருங்கள். இறுகினால் குறை சில்லிலோ தண்டவாளத்திலோதான். அதைச் சீர்செய்யாமல் புது மோட்டார் பூட்டினால் அதுவும் கெட்டுவிடும்.

கேட் இலகுவாக ஓடினால் மீண்டும் மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். சுவர் சுவிட்சுக்குத் திறந்து ரிமோட்டுக்குத் திறக்காவிட்டால் ரிமோட் பற்றரியை மாற்றுங்கள். மூடத் தொடங்கித் திரும்பத் திறந்தால் சென்சர் கண்ணாடியைத் துடையுங்கள். 230 வோல்ட் மோட்டார் உறுமியும் சுழலாவிட்டால் அநேகமாகக் கெப்பாசிட்டர் பழுதாகியிருக்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்பும் அதில் மின் தேங்கி நிற்கும் என்பதால் தொழில் தெரிந்தவரிடம் விடுங்கள்.

சென்சர் தொல்லை தருகிறதென்று அதைத் தவிர்த்து வயரை நேரே இணைக்க ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். பிறகு குழந்தை குறுக்கே நின்றாலும் கேட்டுக்குத் தெரியாது.

இத்தொழில் செய்வோருக்கு ஒரு வார்த்தை: சிறு பழுதைச் சிறு பழுதென்றே சொல்லுங்கள். இன்று பற்றரி மட்டும் மாற்றிக்கொடுத்த வீட்டார்தான் நாளை பக்கத்து வீட்டுக்கும் உங்களைக் காட்டிக் கொடுப்பார்கள்.