மலைமேல் கரும்பலகை – 9: அணைக்குப் பிறகு வந்த சுவீடன் பணம்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில் இறம்பொடை வந்ததும் வேன்கள் ஓரங்கட்டும். 109 மீற்றர் உயரத்திலிருந்து விழும் அருவியை முன்னால் வைத்துப் படம் எடுப்பார்கள். நேரம் மிச்சமிருந்தால் வேவண்டன் மலை ஆஞ்சநேயர் கோயிலுக்கும் போவார்கள். இந்த வாரம் நமக்கு வேண்டியது அருவி இல்லை. அதற்கு முதுகைக் காட்டி நின்றால் கீழே பள்ளத்தாக்கை நிறைத்துக்கொண்டு கொத்மலை நீர்த்தேக்கம் கிடக்கிறது. அதற்குப் பணம் கொடுத்தது சுவீடன் அரசு.

1977இல் பதவிக்கு வந்த ஜே.ஆர். அரசாங்கம் மகாவலித் திட்டத்தைத் துரிதப்படுத்தியபோது, அணைகளை வெளிநாடுகள் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டன. விக்டோரியா பிரித்தானியாவுக்கு, ரந்தெனிகல மேற்கு ஜேர்மனிக்கு, கொத்மலை சுவீடனுக்கு. கொத்மலையைக் கட்டிய ஸ்கன்ஸ்காவும் சுவீடன் கம்பனிதான்; கொடுத்த பணத்தில் ஒரு பங்கு வந்த வழியே திரும்பிப் போனது என்று வைத்துக்கொள்ளலாம். 1985இல் அணை திறந்தது. வயல்களும் ஊர்களும் நீருக்கடியில் போயின. கடும் வறட்சி வந்தால் பழைய கடதொர விகாரை இன்றும் தலைகாட்டும், அதைப் பார்க்கக் கூட்டம் போகும். அணையின் மின்சாரம் தூரத்து நகரங்களுக்குப் போய்ச் சேர்ந்தபோது, அணைக்கு மேலே மலைச்சரிவில் இருந்த பெரும்பாலான லயங்களில் குப்பி லாம்புதான் எரிந்தது.

அடுத்த ஆண்டு, 1986இல், அதே சுவீடனின் உதவி நிறுவனமான சீடா, பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென்று தனியாக ஓர் அபிவிருத்தித் திட்டத்தைத் தொடங்கியது. அணைக்குப் போட்டதோடு பார்த்தால் அது சில்லறைப் பணம். ஆனால் மலையகத்தில் நடுவயதைத் தாண்டிய யாரிடமாவது "சீடா கட்டிடம்" என்று சொல்லிப் பாருங்கள், எந்தப் பாடசாலையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கையை நீட்டிக் காட்டுவார்கள். கொத்மலை அணைக்கு யார் பணம் கொடுத்தார் என்று கேட்டால் யோசிப்பார்கள்.

சீடா வந்தபோது தோட்டப் பாடசாலை என்ன நிலையில் இருந்தது என்பதைச் சென்ற வாரங்களில் விரிவாகப் பார்த்தோம். விட்டவர்களுக்காகச் சுருக்கமாக: 1907ஆம் ஆண்டு கிராமியப் பாடசாலைச் சட்டம், ஆறு முதல் பத்து வயதுவரையான பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பொறுப்பைத் தோட்டத்துரையின் தலையில் வைத்தது. துரைக்கு வேண்டியது கொழுந்து. வாசிக்கத் தெரிந்த பிள்ளை அவருக்கு எதற்கு? சட்டம் ஏட்டிலும், பாடசாலை லயத்துத் திண்ணையிலுமாகக் காலம் ஓடியது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலை அதற்கு வெளியே நின்றது. 1960–61இல் உதவிபெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் வெளியேதான். தோட்டங்களே தேசியமயமான பிறகு, எழுபதுகளின் பிற்பகுதியில்தான் அவை ஒவ்வொன்றாக அரசின் கைக்கு வந்தன. வந்தவை பெரும்பாலும் ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர். அந்த ஆசிரியரும் பயிற்சி பெறாதவர். தோட்டத்தில் கடிதம் எழுதுவதும் கணக்குப் பார்ப்பதும் அவர் வேலையாகவே இருந்து வந்தது. எண்பதுகளின் நடுவில் நாட்டின் எழுத்தறிவு எண்பது வீதத்தைத் தாண்டியிருந்தது, தோட்டத்துறையில் அறுபதைத் தொடவில்லை.

சீடா கட்டிடங்கள் கட்டியது, ஆசிரியர் விடுதிகள் அமைத்தது, தளபாடம் கொடுத்தது, பெற்றோரைச் சிரமதானத்துக்கு அழைத்தது. இவை எல்லாம் கண்ணுக்குத் தெரிபவை. ஆனால் என்னைக் கேட்டால் அந்தத் திட்டத்தின் பெரிய காரியம் வேறு. அது கொழும்பில் கல்வி அமைச்சுக்குள் "பெருந்தோட்டப் பாடசாலை" என்று ஒரு தனிக் கணக்குத் தலைப்பை உண்டாக்கியது. அதற்கு முன் அமைச்சின் பார்வையில் அவை சிறு பாடசாலைகள், அவ்வளவுதான். ஒரு வெளிநாட்டு அரசோடு ஒப்பந்தம் என்று வந்துவிட்டால் அதற்கு ஒரு பிரிவு வேண்டும், பொறுப்பான அதிகாரி வேண்டும், காலாண்டு அறிக்கை வேண்டும். எத்தனை பாடசாலை, எத்தனை ஆசிரியர், எத்தனை பேர் ஐந்தாம் வகுப்போடு நின்றார்கள் என்று ஒருவர் எண்ணியே ஆகவேண்டும். எண்பது ஆண்டுகளாக யாரும் ஒழுங்காக எண்ணாத பிள்ளைகளை ஸ்டொக்ஹோமுக்கு அறிக்கை அனுப்புவதற்காக எண்ணத் தொடங்கினார்கள்.

இதில் உள்ளூர் அரசியலையும் மறக்கக்கூடாது. சௌமியமூர்த்தி தொண்டமான் 1977இல் பாராளுமன்றம் போனார், 1978இல் அமைச்சரானார். அந்த நாற்காலி இல்லாவிட்டால் கொழும்பின் கோரிக்கைப் பட்டியலில் தோட்டப் பாடசாலை ஏறியிருக்குமா என்பது சந்தேகமே. 1983 வன்முறைக்குப் பிறகு உதவி நாடுகளின் தலைநகரங்களில் இலங்கைத் தமிழர் பற்றிக் கேள்விகள் எழுந்தன என்பதும் காலத்தோடு ஒத்துப்போகிறது. திட்டம் தொடங்கிய 1986இல் இந்தப் பிள்ளைகளில் பலரின் பெற்றோருக்குக் குடியுரிமையே இல்லை. நாடற்றவர் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 1988இல் வந்தது, கடைசி மிச்சத்துக்கு 2003வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாக்கில்லாத பெற்றோரின் பிள்ளைக்கு வகுப்பறை கட்ட ஒரு வெளிநாட்டின் கையெழுத்து தேவைப்பட்டது. இந்த வசனத்தை எழுதும்போது எனக்கு நன்றியுணர்வும் எரிச்சலும் ஒரே அளவில் வருகின்றன.

சுவீடனுக்குப் பின் ஜேர்மனி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஜி.டி.இஸட். நிறுவனத்தின் உதவியோடு கொட்டகலைக்குப் பக்கத்தில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. தோட்டத்துப் பிள்ளைகளையே பயிற்சி பெற்ற ஆசிரியர்களாக்கித் தோட்டத்துக்கே திருப்பி அனுப்புவது அதன் நோக்கம். கட்டிடத்தைவிடக் கெட்டிக்கார யோசனை இது. வெளிமாவட்டத்திலிருந்து நியமனம் பெற்று வருபவர், குளிரும் வழுக்குப் பாதையும் பழகுவதற்குள் இடமாற்றத்துக்கு விண்ணப்பம் எழுதிவிடுவார். லயத்தில் பிறந்தவருக்கு மழை புதிதல்ல. ஆனால் கல்லூரி எழும்பியதும் யாருக்கு எத்தனை இடம் என்ற சண்டை தொடங்கியது. தொண்ணூறுகள் முழுக்க மாணவர் அனுமதி ஓர் அரசியல் பிரச்சினையாகவே இருந்தது. லண்டன் பல்கலைக்கழகத்து ஆஞ்சலா லிட்டில் தோட்டக் கல்வியின் வரலாற்றை ஆராய்ந்து 1999இல் வெளியிட்ட நூலைப் படிப்பவருக்கு ஒன்று விளங்கும்: இந்த மலையில் ஒரு பாடசாலைக் கூரையைக்கூட அரசியலைத் தவிர்த்துவிட்டுப் பேச முடியாது.

உலகமும் அப்போது இந்தப் பக்கம் திரும்பியிருந்தது. 1990 மார்ச்சில் தாய்லாந்தின் ஜொம்தியெனில் கூடி, எல்லாருக்கும் கல்வி என்று நாடுகள் உறுதி எடுத்தன. 2000இல் செனகலின் டக்காரில் மறுபடி கூடின. கல்வியில் உண்மையான அக்கறை காட்டும் எந்த நாடும் பணமில்லாமல் தோற்கவிடமாட்டோம் என்று உதவி தரும் நாடுகள் வாக்குக் கொடுத்தன. அந்த வாக்கு எவ்வளவு காப்பாற்றப்பட்டது என்பதற்கு ஆபிரிக்காவில் நீண்ட கதை உண்டு. நமக்கு இங்கே வேறு சிக்கல். தேசிய சராசரிகளில் இலங்கை நல்ல பிள்ளை. ஆரம்பப் பாடசாலைச் சேர்வு கிட்டத்தட்ட முழுமை. 1997 அளவில் குறைந்த வருமான நாடுகளின் பட்டியலிலிருந்தும் மேலேறிவிட்டது. சராசரி உயர உயர, அதற்குள் ஒளிந்திருக்கும் தோட்டத்துப் பிள்ளை வெளிநாட்டுக் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. சுவீடன் போனது, ஜேர்மனி போனது. உலக வங்கியின் பெரிய கடன்கள் வந்தன; அவை முழு நாட்டுக்குமானவை. அவற்றில் தோட்டத்துக்கென்று துலக்கமாகப் பிரித்து வைத்தது 2015இல் தொடங்கிய முன்பிள்ளைப் பருவத் திட்டம், பிள்ளைக் காம்பராக்களைச் சிறுவர் அபிவிருத்தி நிலையங்களாக மாற்றும் வேலை.

வெளிநாடு தேர் செய்து கொடுக்கலாம், வடம் பிடிப்பது உள்ளூர்க்காரர்தான். இங்கே வடம் என்பது ஆசிரியர் சம்பளம். எந்த வெளிநாட்டு அரசும் இன்னொரு நாட்டின் ஆசிரியருக்கு மாதச் சம்பளம் கொடுக்க விரும்புவதில்லை. திட்டம் முடிந்தால் அந்தச் சுமையை யார் தாங்குவது என்ற கேள்வி வரும். ஆகவே சுவர் எழும்பும், கூரை ஏறும், பெயர்ப்பலகை திறக்கப்படும். கணிதம் படிப்பிக்க ஆளில்லை. 2014 அளவில் அரசு தோட்டப் பாடசாலைகளுக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்களைச் சேர்த்தது. உயர்தரம் சித்தியடைந்த மலையக இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள். மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய், போராட்டங்களுக்குப் பிறகு 10,000. பஸ் காசும் சோற்றுக் காசும் போனால் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அதிலும் பயிற்சி முடியும்வரை அவர்கள் ஆசிரியர் சேவைக்குள் இல்லை. தோட்டக் கல்விக்கு உள்நாட்டுப் பணம் எந்த அளவில் வருகிறது என்பதற்கு இதைவிட அளவுகோல் வேண்டாம்.

அதிகாரப் பகிர்வும் சேர்ந்துகொண்டது. 1987க்குப் பிறகு தோட்டப் பாடசாலைகள் மாகாண சபையின் கீழ். வெளிநாட்டோடு ஒப்பந்தம் போடுவது கொழும்பு, ஆசிரியரை அனுப்புவது மாகாணமும் வலயமும், பாடசாலை நிற்கும் நிலம் 1992க்குப் பிறகு குத்தகை எடுத்த பெருந்தோட்டக் கம்பனியின் கையில். இறம்பொடையைச் சுற்றியுள்ள பாடசாலைகள் கொத்மலைக் கல்வி வலயத்தில் வருகின்றன. ஒரு விளையாட்டு மைதானத்துக்கு இங்கே நான்கு வாசல்களைத் தட்டவேண்டும். பாடசாலைக்கு இரண்டு ஏக்கர் என்ற பேச்சு தேர்தல்தோறும் வரும், தேயிலைச் செடி மட்டும் அசையாது.

இப்போது களத்தில் இருப்பது இந்தியா. புதிதாக வந்தது என்று சொல்லமுடியாது. தோட்டத் தொழிலாளர் பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கும் கல்வி நிதியம் இந்திய அரசின் பணத்தில் 1947இலேயே தொடங்கியது. அடுத்த ஆண்டு இலங்கை அந்தப் பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்து குடியுரிமையைப் பறித்தது. சீடாவுக்கு நாற்பது ஆண்டு முந்திய அந்த நிதியம் இன்றும் நடக்கிறது. இறம்பொடையிலிருந்து கீழே இறங்கினால் வரும் புசல்லாவையில் சரஸ்வதி மத்திய கல்லூரியின் பெரிய மண்டபம் இந்திய உதவி. ஒன்பது தோட்டப் பாடசாலைகளின் வசதிகளை மேம்படுத்த 30 கோடி இலங்கை ரூபாய் என்று ஒப்பந்தமாகி, விலைவாசி ஏறியதால் 2024இல் அது 60 கோடியாக இரட்டிப்பானது. தமிழ்நாட்டிலிருந்து கணித, விஞ்ஞான ஆசிரியர்களை வரவழைக்கும் யோசனையும் ஒருமுறைக்கு மேல் எழுந்தது. இங்கே பட்டதாரிகள் வேலையில்லாமல் நிற்க வெளியாள் எதற்கு என்று எதிர்ப்பும் கூடவே எழுந்தது. எதிர்ப்பில் நியாயம் உண்டு. ஆனால் அந்தப் பட்டதாரிகளில் பௌதிகம் படித்த மலையகப் பிள்ளை எத்தனை பேர்? உயர்தர விஞ்ஞானப் பிரிவு நடத்தும் தோட்டப் பாடசாலைகள் அத்தனை குறைவு. விதையில்லாமல் ஆளில்லை, ஆளில்லாமல் விதையில்லை. இந்தச் சுழலை வெளியிலிருந்து ஒருமுறை வெட்டவேண்டிய கட்டாயம் இருக்கிறது என்றே நினைக்கிறேன், ஐந்தாண்டுக்காவது.

அமெரிக்காவின் கதை சுருக்கமானது. அதன் வேளாண்மைத் துறை சேவ் த சில்ட்ரன் நிறுவனம் வழியாகப் பாடசாலை உணவுக்குப் பருப்பும் எண்ணெயும் தகரத்தில் அடைத்த சமன் மீனும் அனுப்பியது. 2022 நெருக்கடியில், வீட்டில் சமைக்க ஒன்றுமில்லாத நாட்களில், மதியச் சோறு கிடைக்கும் என்பதற்காகவே பிள்ளைகள் பாடசாலைக்கு வந்தார்கள். அந்த ஆண்டைக் கண்ட அதிபர்கள் இதை மறக்கமாட்டார்கள். பிறகு 2025இல், 1961 முதல் இயங்கிய யு.எஸ்.எய்ட் என்ற பெரிய நிறுவனத்தையே வாஷிங்டன் ஒரே ஆண்டில் கலைத்துப் போட்டது. ஜூலை 1ஆம் தேதியோடு அது முடிந்தது. வருமானத்தில் ஒரு வீதத்தை உதவிக்கு ஒதுக்குவதைப் பெருமையாகச் சொல்லிவந்த சுவீடனும் அந்த இலக்கைக் கைவிட்டுவிட்டது.

ஆகவே இனி வரும் ஒப்பந்தங்கள் குறைவாகவே இருக்கும். வருவதிலாவது எதைக் கேட்பது என்று மலையகத்துக் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கவேண்டும். என் பட்டியல் சிறியது. கட்டிடம் தருவதென்றால், அந்தப் பாடசாலைக்கான ஆசிரியர் ஆளணியை மாகாணம் நிரப்பும் என்ற வாசகம் அதே ஒப்பந்தத்தில் இருக்கட்டும். காணி பாடசாலையின் பெயருக்கு மாறிய பிறகே அத்திவாரம் வெட்டட்டும். ஸ்மார்ட் பலகைக்குக் கொடுக்கும் பணத்தில் பாதியை ஹட்டனிலோ நுவரெலியாவிலோ விஞ்ஞானப் பிரிவு மாணவர்களுக்கான ஒரு விடுதிக்குத் திருப்பட்டும். திட்டம் முடிந்த பிறகும் அமைச்சு தோட்டத்துப் பிள்ளைகளைத் தனியாக எண்ணி ஆண்டுதோறும் வெளியிடட்டும். கடைசியாகச் சொன்னதற்குச் செலவு ஒன்றுமே இல்லை. அதனால்தானோ என்னவோ, அதைக் கொடுக்க எந்த நாடும் இதுவரை முன்வரவில்லை, கேட்க நம்மவர்களும் நினைக்கவில்லை.

அடுத்த வாரம்: அந்த இரண்டு ஏக்கர்.

(தொடரும்)