அன்னபூரணி: வல்வெட்டித்துறையில் பிறந்து அமெரிக்கா போன கப்பல்

இலங்கையின் வடகரையில், பருத்தித்துறைக்கு மேற்கே உள்ள சிற்றூர் வல்வெட்டித்துறை. கடலோடிகளுக்கும் கப்பல் கட்டும் மேஸ்திரிமாருக்கும் பேர்போன ஊர். 1930 வாக்கில் அங்கே கட்டப்பட்ட 'அன்னபூரணி' என்ற பாய்க்கப்பல், 1938இல் அட்லாண்டிக் பெருங்கடலைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது.

இவ்வூர்க் கப்பல்கள் சரக்கு ஏற்றுவதற்காகவே கட்டப்பட்டவை. பர்மாவிலிருந்து அரிசி வந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து புகையிலை போனது. அந்தப் புகையிலைக்கு நல்ல சந்தையாக இருந்தது திருவிதாங்கூர். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் அப்போது அந்தச் சமஸ்தானத்தின் பகுதி.

அன்னபூரணி சுமார் 89 அடி நீளம், இரண்டு பாய்மரங்கள். உள்ளூரில் தாராளமாகக் கிடைத்த வேப்பமரமே அதன் உடல். வேம்பை எளிதில் பூச்சி அரிக்காது. இத்தகைய கப்பல்களைத் தாளில் வரைந்து கட்டும் வழக்கமில்லை. அளவெல்லாம் மேஸ்திரியின் மனக்கணக்கு. கடற்கரையில் முதலில் 'ஏரா' என்னும் அடிக்கட்டையைக் கிடத்துவார்கள். அதிலிருந்து விலா எலும்புபோல வளைந்த மரங்களை இருபுறமும் நிறுத்திப் பலகை அறைவார்கள். பலகைகளின் இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, நீர் கசியாதபடி குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பூசுவார்கள்.

கப்பலுக்குத் தெய்வத்தின் பெயரையோ குடும்பத்துப் பெரியவர் பெயரையோ சூட்டுவது தமிழ்க் கடலோடிகளின் மரபு. பூசை செய்து, தேங்காய் உடைத்துக் கடலில் இறக்குவார்கள். மேலைநாடுகளில் பெண் ஒருவர் கப்பலின் பெயரை அறிவித்து, அதன் முகப்பில் மதுப்புட்டியை உடைப்பது வழக்கம்.

அன்னபூரணிக்கு இரண்டாவது பெயரும் வாய்த்தது. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர், 32 அடி நீளமே உள்ள 'ஸ்வாப்' படகில் 1928 முதல் 1931 வரை உலகைச் சுற்றியவர். யாழ்ப்பாணப் பாய்க்கப்பல்களின் வடிவம் அவரைக் கவர்ந்தது. அன்னபூரணியை விலைக்கு வாங்கி, தம் மனைவியின் பெயரால் 'புளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று மாற்றினார்.

1937இல் இலங்கையை விட்டுப் புறப்பட்ட கப்பல், செங்கடல், சூயஸ் கால்வாய், மத்தியதரைக் கடல் வழியாக மேற்கே சென்றது. பெர்முடாவைத் தொட்டு, 1938 ஆகஸ்ட் 1 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. மாலுமிகளில் ஐவர் வல்வெட்டித்துறைத் தமிழர். மறுநாளே பாஸ்டன் நாளிதழில் அது செய்தியானது.

1942இல் ரங்கூன் ஜப்பானியர் வசமானதும் பர்மா அரிசி வணிகம் முறிந்தது. பாய்க்கப்பல் கட்டும் தொழிலும் பின்னர் நலிந்தது. தமிழ்க்கரையில் அந்த மரபின் தொடர்ச்சி தூத்துக்குடித் தோணிகள். பாய்க்குப் பதில் எஞ்சின் வந்தபின்னும் அவை மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிச் செல்கின்றன.