எட்டுக்கு அடுத்தது ஒன்பது

ஆண்டுத் தேர்வு முடிந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை கையில் ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வருகிறது. அதுதான் மாற்றுச் சான்றிதழ். டி.சி. என்றும் சொல்வார்கள். ஊர்ப் பள்ளியில் படிப்பு முடிந்துவிட்டது. இனி உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும்.

"அந்தப் பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்?" என்று அம்மா கேட்கிறாள்.

"அஞ்சு கிலோமீட்டர்" என்கிறது பிள்ளை.

"எட்டு வரைக்கும் படிச்சாச்சு. போதாதா?" என்கிறார் தாத்தா.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கணக்குப் போடுகிறார்.

இந்தப் பேச்சு இந்தியாவில் எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. பீகாரிலும் நடக்கிறது. ஒடிசாவிலும் நடக்கிறது. மொழிதான் வேறு. பல பிள்ளைகளின் படிப்பு இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது.

ஏன் இந்த இடத்தில்?

2009-ல் கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. ஆறு வயது முதல் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி உரிமை உண்டு என்று அது சொல்கிறது. அந்தக் கல்விக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அது எட்டாம் வகுப்பு வரைதான். அதற்கு மேல் சட்டம் பேசவில்லை. 2020-ல் வந்த தேசியக் கல்விக் கொள்கை பன்னிரண்டாம் வகுப்பு வரை எல்லோரும் படிக்க வேண்டும் என்கிறது. கொள்கை வேறு, சட்டம் வேறு. சட்டம் இருந்தால் உரிமையோடு கேட்கலாம்.

மதிய உணவும் அப்படித்தான். மத்திய அரசின் திட்டம் எட்டாம் வகுப்போடு நிற்கிறது. தமிழ்நாடு, கர்நாடகம் போன்ற சில மாநிலங்கள் பத்தாம் வகுப்பு வரை சோறு போடுகின்றன. மற்ற பல இடங்களில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை வீட்டிலிருந்துதான் சாப்பாடு கொண்டு போக வேண்டும்.

இன்னொரு சட்டமும் இருக்கிறது. அது குழந்தைத் தொழிலாளர் சட்டம். 2016-ல் அதைத் திருத்தினார்கள். பதினான்கு வயது ஆகாத பிள்ளையை வேலைக்கு வைக்கக் கூடாது என்கிறது அது. பதினான்கு முடிந்தால்? ஆபத்தான வேலைக்கு மட்டும்தான் தடை. மற்ற வேலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பதினான்கு வயதில் பள்ளிக் கதவு பாதி மூடுகிறது. அதே வயதில் வேலைக் கதவு திறக்கிறது. கடையில் வேலை இருக்கிறது. செங்கல் சூளைக்காரர் முன்பணம் தருகிறேன் என்கிறார். அது ஆபத்தான வேலை, சட்டப்படி தவறு. ஆனாலும் கேட்டு வருகிறார். எட்டாம் வகுப்பு வரை படிப்பு தானாக நடந்தது. இனி வீடு முயற்சி எடுத்தால்தான் நடக்கும்.

தூரம் ஒரு தடை

முதல் தடை தூரம். தொடக்கப் பள்ளி ஊருக்குள்ளேயே இருக்கும். உயர்நிலைப் பள்ளி எல்லா ஊரிலும் இருப்பதில்லை. பையன் என்றால் எப்படியாவது போய்விடுவான் என்று நினைக்கிறார்கள். பெண் என்றால் பயம். வழியில் ஆள் நடமாட்டம் இருக்காது. பேருந்து நேரத்துக்கு வராது.

பீகார் மாநிலத்தில் 2006-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். ஒன்பதாம் வகுப்பில் சேரும் பெண்ணுக்குச் சைக்கிள் வாங்க 2,000 ரூபாய் கொடுத்தார்கள். ஊரறிய விழா வைத்துக் கொடுத்தார்கள். சைக்கிள் வாங்கிய ரசீதைப் பள்ளியில் காட்ட வேண்டும். அதனால் பணம் வேறு செலவுக்குப் போகவில்லை.

என்ன நடந்தது? சாலையில் பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிளில் போனார்கள். தனியாகப் போகப் பயந்த பெண் பத்துப் பேரோடு போனாள். ஊர்க்காரர்கள் முதலில் முறைத்துப் பார்த்தார்கள். பிறகு பழகிவிட்டது.

கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்று இரண்டு பொருளாதார அறிஞர்கள். அவர்கள் இதை ஆராய்ந்தார்கள். பக்கத்து மாநிலமான ஜார்க்கண்டோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்களின் எண்ணிக்கை சுமார் 30 சதவீதம் கூடியிருந்தது. பள்ளி மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். அப்படியானால் பெண்ணுக்குப் படிப்பில் ஆசை இல்லாமல் இல்லை. வழிதான் இல்லை. பின்னால் சைக்கிள் பணத்தை உயர்த்தினார்கள். பையன்களுக்கும் கொடுத்தார்கள். வேறு பல மாநிலங்களும் சைக்கிள் தருகின்றன.

சைக்கிளும் எழுத்தறிவும் பழைய சிநேகிதர்கள். 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தது. அங்கே எழுத்துக் கற்ற பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றார்கள்.

சைக்கிள் இல்லை என்றால்? அக்கம்பக்கத்து வீடுகளில் பேசலாம். அந்த ஆண்டு எட்டு முடித்த பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்கலாம். நான்கு பேர் இருந்தால் நான்கு பேரும் ஒரே பள்ளியில் சேரட்டும். ஒன்றாகப் போகட்டும், ஒன்றாக வரட்டும்.

தூரம் மிகவும் அதிகம் என்றால் விடுதி இருக்கிறது. கஸ்தூரிபா காந்தி பெண்கள் உண்டு உறைவிடப் பள்ளிகள் 2004-ல் தொடங்கின. ஏழை வீட்டுப் பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி, பிற்பட்ட, சிறுபான்மைச் சமூகப் பெண்கள் இதில் சேரலாம். முதலில் எட்டாம் வகுப்பு வரைதான் இருந்தது. 2018 முதல் பல பள்ளிகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை உயர்த்தி வருகிறார்கள். பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று வட்டாரக் கல்வி அலுவலகத்தில் கேட்கலாம்.

சேர்ந்தால் போதுமா?

போதாது. பீகாரிலேயே இது தெரிந்தது. ஒன்பதில் சேர்ந்தவர்கள் மிகவும் கூடினார்கள். பத்தாம் வகுப்பில் தேறியவர்களும் கூடினார்கள். ஆனால் சேர்ந்த அளவுக்குத் தேறவில்லை. சைக்கிள் பள்ளி வாசல் வரைதான் கொண்டுபோய் விடும்.

உள்ளே என்ன கஷ்டம்? ஒன்பதாம் வகுப்பில் பாடம் சட்டென்று கனக்கிறது. கணக்கில் எண்ணுக்குப் பதிலாக எழுத்து வருகிறது. ஒவ்வொரு பாடத்துக்கும் வேறு ஆசிரியர் வருகிறார். வகுப்பில் அறுபது பேர், எழுபது பேர் இருக்கலாம். பிள்ளைக்குப் புரிந்ததா என்று ஒவ்வொருவரையும் கேட்க நேரம் இருக்காது.

இதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று உண்டு. எட்டு வகுப்பு ஏறி வந்தும் சில பிள்ளைகளுக்கு வாசிப்பு வரவில்லை. 2023-ல் 'அசர்' என்ற ஆய்வு நடந்தது. கிராமங்களில் 14 முதல் 18 வயது உள்ளவர்களைச் சோதித்தார்கள். இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தாய்மொழியில் வாசிக்கச் சொன்னார்கள். நாலில் ஒருவருக்குச் சரளமாக வாசிக்க வரவில்லை. மூன்று இலக்க எண்ணை ஓர் இலக்க எண்ணால் வகுக்கச் சொன்னார்கள். பாதிப் பேருக்கு மேல் தடுமாறினார்கள்.

இப்படிப்பட்ட பிள்ளை ஒன்பதாம் வகுப்பில் என்ன செய்யும்? கடைசி பெஞ்சில் உட்காரும். கேள்வி கேட்காது. வெட்கம். பிறகு ஒரு நாள் தலைவலி என்று சொல்லும். அடுத்த வாரம் வயிற்றுவலி என்று சொல்லும். ஒன்பதில் தவறினால் பள்ளியையே விட்டுவிடும். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்று வீட்டில் சொல்வார்கள். அடித்தளம் போடாமல் மாடி கட்டினால் நிற்குமா? பிள்ளை மேல் என்ன குற்றம்?

இந்த இடத்தில் முப்பது வயதில், நாற்பது வயதில் எழுத்துக் கற்ற அம்மா அப்பா பெரிய உதவி செய்யலாம். எழுத்துக்கூட்டி வாசிக்கும் கஷ்டம் அவர்களுக்குத் தெரியும். அதில் உள்ள வெட்கமும் தெரியும். எந்த எழுத்தில் நாக்குத் தடுக்கும் என்பதும் தெரியும்.

சேர்வதற்கு முன் விடுமுறை இருக்கும். தினமும் கால் மணி நேரம் போதும். பிள்ளை ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கட்டும். அம்மா ஒரு பக்கம் வாசிக்கட்டும். பாடப் புத்தகம்தான் வேண்டும் என்பதில்லை. செய்தித்தாள் போதும். தடுக்கும் சொல்லை இரண்டு பேரும் சேர்ந்து கூட்டலாம். திட்டக் கூடாது.

கணக்குக்கும் வழி உண்டு. ஏழு பேர் சேர்ந்து நாற்று நட்டார்கள். மொத்தக் கூலி 945 ரூபாய். ஆளுக்கு எவ்வளவு? களத்து மேட்டில் நிற்கும் பெண்கள் இதை மனக்கணக்காகவே சொல்லிவிடுவார்கள். 135 ரூபாய். பிள்ளை அதைக் காகிதத்தில் போட்டுக் காட்டட்டும். ஒருவர் மனதில் போடட்டும், ஒருவர் எழுதிப் போடட்டும். விடை ஒன்றாக வருகிறதா என்று பார்க்கலாம்.

அப்படியும் பிள்ளை தடுமாறினால் பள்ளிக்குப் போய் ஆசிரியரிடம் சொல்ல வேண்டும். "ஐயா, என் பிள்ளைக்கு வாசிக்கச் சிரமமாக இருக்கிறது. தனியாகச் சொல்லிக் கொடுக்க ஏற்பாடு உண்டா?" இப்படிக் கேட்பதில் தலைக்குனிவு இல்லை. முதல் மாதமே கேட்பது நல்லது. தேர்வுக்கு முதல் நாள் கேட்டால் ஆசிரியரால் ஒன்றும் செய்ய முடியாது.

பெண் பிள்ளையிடம் இன்னொன்றும் கேட்க வேண்டும். பள்ளியில் கழிப்பறை இருக்கிறதா? தண்ணீர் வருகிறதா? மாதவிலக்கு நாட்களில் பல பெண்கள் இதற்காகவே வீட்டில் தங்கிவிடுகிறார்கள். மாதம் மூன்று நாள் என்றால், விடுமுறை போக ஓர் ஆண்டில் ஒரு மாதப் படிப்பு போய்விடும். இதை அம்மாக்கள் சேர்ந்து போய்த் தலைமை ஆசிரியரிடம் சொல்லலாம். பெற்றோர் இருக்கும் பள்ளி நிர்வாகக் குழுவிலும் பேசலாம்.

பணம்

எட்டாம் வகுப்புப் படிக்கும்போதே ஒரு தேர்வு எழுதலாம். தேசிய வருவாய் வழி, தகுதி உதவித்தொகைத் தேர்வு என்று அதற்குப் பெயர். அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கான தேர்வு அது. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நான்கு ஆண்டில் 48,000 ரூபாய். பிள்ளையின் வங்கிக் கணக்குக்கே பணம் வரும்.

தேறினால் மட்டும் போதாது. இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க மறந்தால் பணம் நின்றுவிடும். எட்டாம் வகுப்பு ஆசிரியரிடம் விண்ணப்பம் எப்போது என்று முன்கூட்டியே கேட்க வேண்டும்.

தாழ்த்தப்பட்ட, பழங்குடிப் பிள்ளைகளுக்கு ஒன்பது, பத்தாம் வகுப்பில் தனி உதவித்தொகை உண்டு. அதற்குச் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் வேண்டும். இவற்றை வாங்கப் பல நாள் ஆகும். பள்ளி திறந்த பிறகு அலையாமல் விடுமுறையிலேயே வாங்கிவிடலாம்.

பெயரைப் படித்துப் பாருங்கள்

இது சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் பிள்ளையின் வாழ்நாள் முழுக்க வரும்.

பல தேர்வு வாரியங்கள் ஒன்பதாம் வகுப்பிலேயே பிள்ளையின் பெயரைப் பதிவு செய்கின்றன. பிள்ளையின் பெயர், அப்பா பெயர், அம்மா பெயர், பிறந்த தேதி எல்லாம் பதிவாகும். அதுதான் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் வரும். பிறகு வேலைக்கும் அதைத்தான் கேட்பார்கள். கடவுச்சீட்டுக்கும் அதைக் காட்டலாம். டி.சி.யில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, வங்கிப் பாஸ்புக்கில் ஒரு எழுத்து என்று இருந்தால் உதவித்தொகையே சிக்கிக்கொள்ளும்.

முன்பு அப்பா கைநாட்டு வைத்தார். எழுதிய பெயர் சரியா தவறா என்று அவருக்குத் தெரியாது. பள்ளிக்காரர் எழுதியதுதான் பிறந்த தேதி. இப்போது அப்படி இல்லை. படிவத்தைக் கையில் வாங்கலாம். ஒவ்வொரு எழுத்தாக வாசிக்கலாம். பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்கலாம். தவறு இருந்தால் அப்போதே சொல்லலாம். அது வரை கையெழுத்துப் போட வேண்டாம். பத்தாம் வகுப்புச் சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது பெரிய பாடு. படிவம் தெரியாத மொழியில் இருந்தால் பிள்ளையையே வாசித்துக் காட்டச் சொல்லலாம்.

இடையில் நின்றுவிட்டால்?

சில வீடுகளில் வறுமை. சில வீடுகளில் நோய். சில வீடுகளில் பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு. பதினெட்டு வயதுக்கு முன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்வது சட்டப்படி குற்றம். 1098 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் சொன்னால் உதவி வரும். அந்தப் பெண்ணே கூடச் சொல்லலாம்.

வேறு காரணத்தால் படிப்பு நின்றுபோனால் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி 1989-ல் தொடங்கியது. பதினான்கு வயது நிறைந்தவர்கள் அதில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். தினமும் வகுப்புக்குப் போக வேண்டியதில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை பொதுத் தேர்வு நடக்கும். எல்லாப் பாடத்தையும் ஒரே முறை எழுத வேண்டும் என்பதில்லை. ஐந்து ஆண்டுக்குள் ஒவ்வொன்றாக எழுதி முடிக்கலாம்.

மேல் வயது வரம்பு அதில் கிடையாது. பெரியவர்களும் சேரலாம். எழுத்துக் கற்று முடித்தவர்களுக்கு மூன்றாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு, எட்டாம் வகுப்புக்குச் சமமான படிப்புகளும் அங்கே உண்டு. அங்கிருந்து படிப்படியாகப் பத்துக்கு வரலாம். அம்மாவும் பிள்ளையும் ஒரே ஆண்டில் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதிய வீடுகளும் இந்த நாட்டில் இருக்கின்றன.