சுபாவம் என்று நாளைக் கடத்தாதீர்கள்

கொரோனா முடிந்தது என்று மாஸ்க்கைக் கழற்றி எறிந்துவிட்டோம். 2020 மார்ச் 25-இல் தொடங்கிய ஊரடங்கின்போது மனதைப் பிடித்தது சிலரை இன்னும் விடவில்லை. வீட்டில் கேட்டால் ஒரே பதில்தான்: "அவரு சுபாவமே அப்படிங்க."

எனக்குத் தெரிந்த மளிகைக்கடைக்காரர் ஒருவரின் பேச்சுக்காகவே கடையில் கூட்டம் நிற்கும். வாசலில் தனிமைப்படுத்தல் ஸ்டிக்கர் ஒட்டி 14 நாள் அடைத்து வைத்த பிறகு அவர் வாய் திறப்பதே இல்லை. ரூபாய் நோட்டைத் தொட்டால் உடனே கை கழுவுவார். விரலிடுக்கெல்லாம் தோல் வெடித்திருந்தது. "வயசாச்சு, பக்குவம் வந்துடுச்சு" என்றார் மகன். பக்குவமாம்! தோல் டாக்டரிடம் களிம்பு வாங்கியதோடு சரி.

எதற்கெடுத்தாலும் கலங்கும் சுபாவம் உள்ளவர்களைத்தான் பெருந்தொற்றுத் தனிமை அதிகம் வாட்டியது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. கூச்ச சுபாவிகளுக்கு ஊரடங்கு கொண்டாட்டம் என்று மீம்ஸ் போட்டோமே, அவர்களிலும் பலர் தனிமையில் தவித்திருக்கிறார்கள். ஆகவே ஆள் கலகலப்பா, அமைதியா என்று பார்க்காதீர்கள். அவருடைய பழைய இயல்பிலிருந்து மாறியிருக்கிறாரா என்று பாருங்கள். தூக்கம், சாப்பாடு, வேலையில் நாட்டம் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால் அது சுபாவம் அல்ல.

எங்கே போவது? 14416-க்குப் போன் செய்யுங்கள். அது டெலி மானஸ். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். நேரில் என்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டுப் போடும் இடத்தில் "மனநலப் பிரிவு" என்று கேளுங்கள். யாருடைய சிபாரிசுக் கடிதமும் வேண்டாம். மாவட்ட மனநலத் திட்ட மருத்துவர்கள் தாலுகா மருத்துவமனைகளுக்கும் முறை வைத்து வருகிறார்கள். எந்தக் கிழமை என்று வாசலில் எழுதிப் போட அதிகாரிகளுக்கு என்ன கஷ்டமோ! மாவட்டத் தலைமை மருத்துவமனையில் நீங்களே விசாரித்துக்கொள்ளுங்கள். சீட்டையும் மருந்துக் குறிப்பையும் தூக்கிப் போடாதீர்கள்.

"கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று ஊர் பேசும் என்ற பயம் இருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. சாகிறேன் என்று ஒருவர் சொன்னால் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் அப்புறப்படுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். தற்கொலைக்கு முயன்றவரைப் போலீஸுக்குப் பயந்து வீட்டில் வைத்திருப்பது கொடுமை. கடும் மன அழுத்தத்தில் செய்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் 115-ஆம் பிரிவு. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சிக்குத் தண்டனை தந்த பழைய 309-ஆம் பிரிவே இல்லை. போலீஸ் விசாரிக்க வந்தால் நடந்ததைச் சொல்லுங்கள். சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அடுத்தது பணம். தனியார் மருத்துவமனையில் சேர்த்த குடும்பங்கள் "மனநோய்க்கு இன்சூரன்ஸ் இல்லை" என்று கவுன்ட்டரில் வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பிக் கடன் வாங்குகின்றன. மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21(4)-ஆம் பிரிவின்படி உடல் நோய்க்கு உள்ள அதே அடிப்படையில் மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும். பெரும்பாலான பாலிசிகளில் ஓ.பி. செலவு கிடைக்காது, உள்நோயாளிச் செலவைக் கேட்கலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் நோயின் பெயர் தெளிவாக இருக்கிறதா என்று அங்கேயே படித்துப் பாருங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில்! பிறகு கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் அனுப்பி அத்தாட்சியை வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கம்பெனி கைவிரித்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். பாலிசி, டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், மறுப்புக் கடிதம், உங்கள் புகார் எல்லாவற்றுக்கும் நகல் இணையுங்கள். கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. புதிதாகப் பாலிசி எடுப்பவர்கள் முன்பு எடுத்த மனநலச் சிகிச்சையை விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். "அதெல்லாம் எழுத வேண்டாம் சார்" என்று ஏஜென்ட் சொல்வார். கிளெய்ம் தள்ளுபடியாகும்போது அவர் போனை எடுக்க மாட்டார்.