அம்பத்தூர்த் தொழிலாளியின் ஐம்பத்தெட்டாம் வயது

ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில் 2004-க்கு முன் பணியில் சேர்ந்து, முழுப் பணிக்காலத்தையும் முடித்து ஓய்வுபெற்றவருக்குக் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியமாகக் கிடைப்பதோடு, விலைவாசி ஏறும்போது அகவிலைப்படியும் சேர்ந்து ஏறுகிறது. அங்கிருந்து சில கிலோமீட்டர் தொலைவில், 1964-இல் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அதே அளவு காலம் லேத் ஓட்டியவரோ, பி.எஃப். எனப்படும் தொழிலாளர் வருங்கால வைப்பு நிதியையும் அதனோடு இணைந்த 1995-ஆம் ஆண்டு ஓய்வூதியத் திட்டத்தையுமே நம்பியிருக்கிறார்.

அந்த ஓய்வூதியம் எவ்வளவு என்பதைப் பலரும் ஐம்பது வயதைக் கடந்த பிறகே கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். முதலாளி செலுத்தும் 12 சதவீதத்தில் 8.33 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குச் செல்கிறது. ஆனால் 2014 செப்டம்பரில் வகுக்கப்பட்ட உச்சவரம்பின்படி, சம்பளம் எவ்வளவு உயர்ந்தாலும் பெரும்பாலோருக்கு 15,000 ரூபாயே கணக்கில் கொள்ளப்படுகிறது. இத்தொகையைப் பணியாண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுத்தால் கிடைப்பதே மாத ஓய்வூதியம் என்பதால், 35 ஆண்டுகளுக்குக்கூட அது ஏறக்குறைய 7,500 ரூபாய்தான், அகவிலைப்படியும் கிடையாது.

எனவே ஓய்வை வயதால் அளப்பதைவிட, சம்பளம் நின்ற பின் சேமிப்பு எத்தனை ஆண்டுச் செலவைத் தாங்கும் என்று அளப்பதே பொருத்தமானது. பொருளாதாரச் சுதந்திரம் எனப்படுவதும் இதுவே. அமெரிக்க நிதி ஆலோசகர் வில்லியம் பெங்கன் 1994-இல் செய்த ஆய்விலிருந்து, ஆண்டுச் செலவைப்போல் 25 மடங்கு சேமிப்பு முப்பது ஆண்டுகளுக்குப் போதும் என்ற கணக்கு பரவியது. மாதம் 25,000 ரூபாய் செலவாகும் குடும்பத்துக்கு இது 75 லட்சம்; 7,500 ரூபாய் ஓய்வூதியத்தைக் கழித்தால் 52.5 லட்சம். இந்திய விலைவாசி வேகமாக ஏறுவதாலும் அந்த ஓய்வூதியம் ஏறாததாலும் உண்மைத் தேவை இதைவிடக் கூடுதலே. திருமுல்லைவாயிலிலோ பட்டாபிராமிலோ கடனில்லாத சொந்த வீடு இருந்தால் வாடகை மிச்சமாகித் தேவை கணிசமாகக் குறையும்.

இச்சேமிப்பில் பி.எஃப். பங்கு கரைவது பெரும்பாலும் கம்பெனி மாறும்போதுதான். தங்கையின் கல்யாணத்துக்கென்று 28 வயதில் எடுக்கப்படும் 50,000 ரூபாய், 8 சதவீத வட்டியில் முப்பது ஆண்டுகள் அப்படியே இருந்திருந்தால் ஐந்து லட்சத்தைத் தாண்டியிருக்கும். பத்தாண்டு நிறைவதற்குள் ஓய்வூதியப் பங்கையும் எடுத்துவிட்டால் அதுவரை உழைத்த காலமும் கணக்கிலிருந்து நீங்கிவிடுகிறது, மாறாக, யு.ஏ.என். எனப்படும் பொதுக் கணக்கு எண்ணின் வழியே பழைய கணக்கைப் புதிய கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால் அக்காலம் தொடர்கிறது. ஒப்பந்ததாரர் மாறிக்கொண்டே இருக்கும் தொழிலாளர்கள் கட்டாயம் செய்ய வேண்டிய வேலை இது.

பி.எஃப். பிடித்தமே இல்லாத பூந்தமல்லிக் கடை ஊழியருக்கு 2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டம் உண்டு: 18 வயதில் சேர்ந்து மாதம் 210 ரூபாய் கட்டினால் 60 வயது முதல் மாதம் 5,000 ரூபாய் கிடைக்கும். அதில் சேர்வது நல்லதே. ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள முடியாது, ஏனெனில் விலைவாசி ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 42 ஆண்டுகளுக்குப் பின் கைக்கு வரும் அந்த 5,000 ரூபாய், இன்றைய 430 ரூபாய்க்கே ஈடாக இருக்கும்.