பால்மரமும் ஒளியை உணரும் மென்படலமும்

கெடா தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு மென்படலம் புதிதல்ல. மங்கில் எஞ்சிய பால் காய்ந்தால் மெல்லிய தோலாகப் படிந்துவிடும். அந்த ரப்பரும், இன்று ஒளி உணரிகளில் பயன்படும் கரிமக் குறைகடத்திகள் பலவும் கார்பன் அணுக்களின் நீண்ட சங்கிலிகளே. அப்படியிருக்க, ரப்பர் மின்சாரத்தைத் தடுப்பதும் மற்றது கடத்துவதும் எப்படி?

வேறுபாடு பிணைப்பில் உள்ளது. ரப்பரில் இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு இடையே மூன்று ஒற்றைப் பிணைப்புகள் உள்ளன, எலெக்ட்ரானுக்கு வழியில்லை. ஒற்றையும் இரட்டையும் மாறி மாறி வந்தால் வழி திறக்கிறது. அத்தகைய பாலிஅசிட்டிலீனில் அயோடின் சேர்த்தால் மின்சாரம் நன்கு பாய்வதை 1977-இல் வெளியிட்ட ஷிராகவா, மெக்டியார்மிட், ஹீகர் மூவருக்கும் 2000-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

உணரி செய்வது எப்படி? ஒளி ஊடுருவும் மின்கடத்திப் பூச்சுள்ள கண்ணாடித் துண்டின்மேல் கரைசலைச் சொட்டி, நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான சுற்று வேகத்தில் சுழற்றுகிறார்கள். ஏறத்தாழ 100 நானோமீட்டர் படலம் மிஞ்சுகிறது. தலைமுடியின் தடிமனில் இது சில நூறில் ஒரு பங்குதான். சூடேற்றி உலர்த்தியபின், வெற்றிடத்தில் அலுமினியம் படியவிடுகிறார்கள்.

ஒளி பட்டதும் எலெக்ட்ரானும் அது விட்டுச்சென்ற துளையும் இணைந்தே நகர்கின்றன. பெரும்பாலும் 10 நானோமீட்டர் அளவு சென்றதும் அந்த இணை அழிந்துவிடும். அதற்குள் அவற்றைப் பிரிக்க வேண்டும். 1986-இல் சிங் டாங் என்பவர் சூரிய மின்கலத்துக்காக இரு பொருள்களை அடுக்காக வைத்தார். 1990-களில் சோற்றையும் பருப்பையும் பிசைவதுபோல் இரண்டையும் கலந்தார்கள். பிரியும் இடம் எங்கும் கிடைத்தது, மின்னோட்டம் கூடியது.

சிலிக்கன் சில்லுத் தயாரிப்பில் 1,000 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பம் தேவைப்படும் கட்டங்கள் உண்டு. கரிமப் படலத்துக்குப் பொதுவாக 100 முதல் 150 டிகிரி போதும். எனவே வளையும் பிளாஸ்டிக்கிலும் பூசலாம். 2014-இல் பெர்க்கிலி கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார், விரலில் ஒளி செலுத்தி இரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் உணரியைக் கரிமப் பொருள்களாலேயே செய்து காட்டினர்.

குறையும் உண்டு. ஆக்சிஜனும் ஈரமும் படலத்தைக் கெடுக்கும். மலேசியாவின் ஈரக்காற்றில் இது பெரிய தடை. அதனால் நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் வேலை செய்து, காற்றுப் புகாமல் மூட வேண்டும். ஆயுளில் சிலிக்கனை எட்டுவது இன்னும் கடினமே.

குலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் இருப்பவை பெருமுதலீட்டு ஆலைகள். இந்த உணரியின் முதல் மாதிரியை ஓர் ஆய்வுக்கூடமே செய்துவிடலாம். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஃப்தலோசயனின் சாயங்களைக் கொண்டு செய்து கட்டுரைகள் வெளியிட்டுள்ளனர். செமிலிங்கின் எய்ம்ஸ்ட் பல்கலைக்கழகத்திலோ மருத்துவமும் பொறியியலும் ஒரே வளாகத்தில் கற்பிக்கப்படுகின்றன. பிள்ளை டாக்டராக வேண்டும் என்று மட்டும் கேட்கும் பெற்றோர்கள், டாக்டரின் கையிலிருக்கும் கருவியை யார் செய்வது என்றும் கேட்கலாம். அதற்கான இயற்பியலும் வேதியியலும் படிவம் நான்கிலேயே தொடங்குகின்றன.