அரிசிக்கு அனுமதியில்லை... அம்பாளுக்கு மாலையில்லை!

நியூயார்க்கில் ஒருநாள் தங்கும் தஞ்சைக்காரர்களுக்குக் காத்திருக்கும் ஆச்சரியங்கள்

மகளுக்குப் பிரசவம், பேரனுக்கு முதல் பிறந்தநாள், மகன் புதுவீடு வாங்கியிருக்கிறான்... பாபநாசம், ஒரத்தநாடு, மன்னார்குடி பக்கமிருந்து பெற்றோர் விமானம் ஏற இப்படி ஏதாவது ஒரு காரணம் வந்துவிடுகிறது. போகவேண்டிய ஊர் டல்லஸாகவோ டொரான்டோவாகவோ இருக்கும். வழியில் நியூயார்க்கில் ஒரு பகல், ஓர் இரவு தங்கல். 'நாம வெறுமனே விமானம் மாறப்போறோம், அவ்வளவுதானே?' என்று நினைத்துத்தான் கிளம்புவார்கள். முதல் ஆச்சரியம் அங்கேயே ஆரம்பம்.

துபாயிலும் சிங்கப்பூரிலும் விமானம் மாறினால் பெட்டி தானாகவே அடுத்த விமானத்துக்குப் போய்விடும். அமெரிக்காவில் பொதுவாக அப்படியில்லை. கனடாவுக்குப் போகிறவராக இருந்தாலும், வழியில் இறங்க அமெரிக்க விசா வேண்டும். குடியேற்ற அதிகாரி முன்னால் நிற்க வேண்டும். பெட்டியை எடுத்துக்கொண்டு சுங்கத்தைக் கடந்து, மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். இது தெரியாமல் டிக்கெட் போட்டால், திருச்சியிலோ சென்னையிலோ விமானம் ஏறுவதற்கு முன்பே பயணம் நின்றுபோகும்.

பெட்டியைத் திறந்தால்...

பெட்டிக்குள் என்ன இருக்கும்? முறுக்கு, பருப்புப்பொடி, ஒரு பையில் சொந்த வயலில் விளைந்த அரிசி, ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை. 'நம்ம வீட்டு மாப்பிள்ளைச் சம்பா கஞ்சி பிள்ளைபெத்த உடம்புக்கு நல்லது' என்று அம்மா ஆசையாகக் கட்டி வைத்ததாக இருக்கும்.

அந்த அரிசிக்கு அனுமதி இல்லை. காரணம், கப்ரா வண்டு. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அளவே உள்ள தானியப் பூச்சி. இதன் புழு, தீனியே இல்லாமல் நெடுங்காலம் உயிரோடு இருக்கும். 1953-ல் கலிபோர்னியாவில் இது பரவியிருந்தது தெரிந்து, ஒழித்துக்கட்ட 1966 வரை ஆனது. சுமார் 1.1 கோடி டாலர் செலவு. அதனால்தான் இந்த வண்டு உள்ள நாடுகளிலிருந்து பயணிகள் கையில் கொண்டுவரும் அரிசியைத் தடுக்கிறார்கள். பச்சைக் கறிவேப்பிலைக்குத் தடை வேறு காரணத்தால்: எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கொல்லும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

இருப்பதை இருக்கிறது என்று படிவத்திலோ வாயாலோ சொல்லிவிட்டால், பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். மறைத்தால் அபராதம். நெற்களஞ்சியத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு, ஒரு பிடி அரிசி குப்பைக்குப் போவதைப் பார்ப்பது சாதாரண வருத்தமில்லை. வேடிக்கை என்னவென்றால், ஊருக்குள் போனால் இந்தியக் கடைகளில் பொன்னி அரிசி மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். முறையான பூச்சிச் சோதனைச் சான்றிதழோடு கப்பலில் வந்தது அது!

எல்லாம் தலைகீழ்

விடுதி அறையில் சுவிட்சை மேலே தள்ளினால்தான் விளக்கு எரியும். தரைத்தளத்துக்குப் பெயர் 'முதல் மாடி'. தேதியில் மாதம் முன்னால் வரும். 04/10 என்றால் ஏப்ரல் 10. வெயிலைப் பாரன்ஹீட்டில் சொல்வார்கள், 32 என்றால் தண்ணீர் உறைகிற குளிர். கடையில் 10 டாலர் என்று எழுதியிருந்தால் கல்லாவில் 10 டாலர் மட்டும் கொடுத்து வரமுடியாது. நியூயார்க் நகரில் பெரும்பாலான பொருட்களுக்கு 8.875 சதவிகித விற்பனை வரி பில்லில்தான் ஏறும். உணவகத்தில் பரிமாறியவருக்கு 15 முதல் 20 சதவிகிதம் டிப்ஸ் வைப்பது எழுதப்படாத சட்டம்.

கணவரின் பெயரைச் சொல்லாமலே அறுபது வயதைத் தாண்டிய அம்மாவை, கல்லாவில் நிற்கும் இருபது வயதுப் பெண் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். அதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை என்று புரியக் கொஞ்சம் நேரமாகும். அதே பெண்தான் முன்பின் தெரியாதவரைப் பார்த்துச் சிரித்து, 'எப்படி இருக்கீங்க?' என்பாள். பதிலுக்கு மூட்டுவலியை விவரிக்கத் தொடங்கினால் திகைத்துப் போவாள். அது கேள்வியல்ல, வணக்கம்!

பசிக்குப் பிள்ளையார் துணை

சைவச் சாப்பாட்டுக்கு அலைகிறவர்களுக்கு ஃப்ளஷிங் பிள்ளையார் கோயில் ஒரு வரம். 1977 ஜூலை 4-ல், அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, குடமுழுக்கு கண்ட கோயில் இது. கீழ்த்தளத்து உணவகத்தில் தோசையும் பொங்கலும் கிடைக்கும். கோயில் இருக்கும் பௌன் தெருவுக்கு 2022-ல் 'கணேஷ் டெம்பிள் ஸ்ட்ரீட்' என்று கூடுதல் பெயரும் சூட்டிவிட்டார்கள்.

அங்கே விழாக்கள் பலவும் விடுமுறையை ஒட்டியே வரும். திருவையாற்றில் புஷ்ய பகுள பஞ்சமியில் நடக்கும் தியாகராஜ ஆராதனையை, ஓஹியோ மாநிலத்துக் கிளீவ்லாந்தில் 1978 முதல் ஈஸ்டரை ஒட்டி நடத்துகிறார்கள். பஞ்சாங்கம் கொஞ்சம் வளைந்துகொடுத்ததால், பஞ்சரத்னம் பாட நூற்றுக்கணக்கானோர் கூட முடிகிறது.

கண்ணாடிக்கு அருகில் அம்பாள்

மீதமிருக்கும் பொழுதில் பலரும் பார்க்கப்போவது ஐந்தாம் அவென்யூவில் உள்ள மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம். தஞ்சைக்காரரின் கால் தானாக நின்றுவிடும் இடம் அங்கே இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டுச் சோழர்காலப் பார்வதி, பதினோராம் நூற்றாண்டு நடராஜர். பட்டில்லை, மாலையில்லை, சந்தனமில்லை. சுற்றிலும் செருப்புக் கால்கள். ஊர்க் கோயிலில் அலங்காரத்துக்கு நடுவே முகம் மட்டுமே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இடையின் வளைவும் விரலின் நெளிவும் அன்றுதான் முழுசாகத் தெரியும். கும்பிடுவதா, ரசிப்பதா? பலர் இரண்டையும் செய்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்ப்பார்கள்.

அயல்நாட்டில் நிற்கும் சிலைகள் எல்லாமே திருடப்பட்டவை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் காவிரிக் கரைக்கு இந்த விஷயத்தில் ஆறாத காயங்கள் உண்டு. கும்பகோணம் அருகே சிவபுரத்தில் 1951-ல் மண்ணிலிருந்து கிடைத்த நடராஜர், பழுதுபார்க்கப் போன இடத்தில் மாற்றப்பட்டார். கோயிலுக்குத் திரும்பி வந்தது நகல். அசல், அமெரிக்கத் தொழிலதிபர் நார்ட்டன் சைமனின் சேகரிப்புக்குப் போனது. விலை சுமார் 9 லட்சம் டாலர். இந்திய அரசு வழக்குத் தொடுத்து, 1976-ல் உடன்பாடு ஏற்பட்டு, பத்தாண்டு கழித்து 1986-ல்தான் நடராஜர் தாய்நாடு திரும்பினார்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரும் நியூயார்க் வியாபாரி ஒருவர் வழியாகத்தான் ஆஸ்திரேலியா போய்ச் சேர்ந்தார். 2014-ல் அவர் திரும்பி வரக் கைகொடுத்தவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பத்திரமாக இருந்த பழைய புகைப்படங்கள். உடையார்பாளையம் சிலைத் திருட்டு வழக்கில் அதே வியாபாரிக்கு 2022-ல் கும்பகோணம் நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது.

இன்னொரு கசப்பான உண்மையும் இருக்கிறது. திருட்டுக்குப் பயந்தே நம் சிற்றூர்க் கோயில்களின் உற்சவர் பலர் திருவாரூர் உலோகத் திருமேனிப் பாதுகாப்பு மையத்தில் இருக்கிறார்கள். திருவிழாவுக்கு மட்டும் போலீஸ் துணையோடு ஊருக்கு வந்துபோகிறார்கள். அங்கே மாலையில்லாத அம்பாளை யார் வேண்டுமானாலும் பக்கத்தில் நின்று பார்க்கலாம். இங்கே மாலைக்குரிய அம்பாளைப் பார்க்கப் பூட்டுத் திறக்கவேண்டும். எது பெரிய பிரிவு?

ஒருநாள் தங்கிவிட்டுப் போகும் பயணி இதற்கு விடை சொல்ல முடியாது. ஆனால் ஊர் திரும்பியதும் ஒன்று செய்யலாம். நம் கோயில் உற்சவர் எத்தனை பேர், இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெளிவான புகைப்படம் இருக்கிறதா என்று செயல் அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்கலாம். ஸ்ரீபுரந்தான் நடராஜரை வீடு சேர்த்தது, யாரோ எப்போதோ எடுத்து வைத்த படம்தானே!